வருடத்தில் ஒருநாள் வாடிக்கையாளர்

கடந்த வாரம் இப்பத்தியில் திரும்பிவரும் காசோலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். பல சகோதரர்கள் தொலைபேசியில் பேசினார்கள். எல்லோரும் தமக்கு வரவேண்டிய கடனைப் பற்றியே பேசினார்கள். தாம் கொடுக்கவேண்டிய கடனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கும் தகுதியில்லை. ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நான் ஐந்து வருடங்கள் கடனாளியாக இருந்தேன். கடனாளி என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்தக் கதையை இவ்வாரம் எழுதுகிறேன்.

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் நாங்கள் ஐந்து பேர், 2011 செப்டம்பரில் பெருநாள் வியாபாரம் முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் ஓட்டமாவடிக்குப் புறப்பட்டோம். அங்குள்ள நண்பர் ஒருவரின் வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு வருவதுதான் நோக்கம். யுத்த காலத்தில் பொலன்னறுவைக்கு அப்பால் மோட்டார் சைக்கிளில் போவதை நாங்கள் நினைத்தும் பார்த்ததில்லை. என்னிடம் இருந்தது ஒரு பழைய ஹொண்டா சீடி 125. மற்ற நால்வரிடமும் இருந்தவை கடைக்குச் சாமான் ஏற்றி ஏற்றி அலுத்துப்போன இந்தியச் சைக்கிள்கள்.

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் குருணாகலில் காலைத் தேத்தண்ணி, தம்புள்ளை, பிறகு ஹபரணை. ஹபரணையிலிருந்து மின்னேரியா வழியாகப் போகும் பாதை ஏ11. செப்டம்பரில் குளத்தில் நீர் வற்றும்போது யானைகள் கூட்டமாக வரும் இடம் அது. பகலில் பார்க்க அழகு, இரவில் அந்தப் பாதையில் மோட்டார் சைக்கிளில் போவது மடத்தனம். பொலன்னறுவை தாண்டினால் மன்னம்பிட்டி. மகாவலிக்கு மேலே ரயிலும் வாகனங்களும் முன்னர் ஒரே பாலத்தைத்தான் பங்குபோட்டன. 2007இல் வாகனங்களுக்குத் தனிப்பாலம் வந்தது. அதற்கப்பால் வெலிகந்த. வெலிகந்தயும் தாண்டிக் காட்டுப் பாதையில் போகும்போது பசி வயிற்றைக் கிள்ளியது. அப்போது கண்ணில் பட்டதுதான் அந்தக் கடை.

கிடுகுக் கூரை, நான்கு மேசை, வாசலில் ஒரு தண்ணீர்ப் பீப்பாய். கணவர் முன்னாள் லொறிச் சாரதி. மனைவிதான் சமையல். கொழும்பில் மூத்த சகோதரியை நாம் தாத்தா என்போம், அந்தப் பக்கத்தில் ராத்தா. அன்றிலிருந்து எங்களுக்கும் அவர் ராத்தாதான். சோறு, விரால் மீன் ஆணம், மாட்டிறைச்சி, வல்லாரைச் சம்பல், கடைசியில் எருமைத் தயிரும் பாணியும். ஒருவருக்கு 120 ரூபாய் என்று ஞாபகம். சாப்பிட்டு எழும்பியபோது எங்களில் ஒருவர், "இதற்காகவே வருடாவருடம் வரலாம் போலிருக்கிறது" என்றார். வந்தோம். ஒரு பக்கம் ஏறத்தாழ 270 கிலோமீற்றர், போக வர 540. செப்டம்பரில் ஒரு சனி, ஞாயிறு.

அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆகவே பழைய பாதைதான் எங்களுக்கு விதிக்கப்பட்டது. மீரிகமவிலிருந்து குருணாகல் வரையான அதிவேகப் பாதை 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பின் பழைய பாதையோரத்துத் தேத்தண்ணிக் கடைகளில் வழமையான கூட்டம் இல்லை. அதை நாங்கள் ஆசனத்தில் இருந்தபடியே பார்த்தோம். இது வேறொரு வாரத்துக்குரிய விடயம்.

சவாரி வளர்ந்தது. மகன்மார் சேர்ந்தார்கள், மருமகன்மார் சேர்ந்தார்கள், அவர்களின் நண்பர்கள் சேர்ந்தார்கள். 2014இல் 16 பேர். அதன்பின் வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். பிறகு யார் யார் வருகிறார்கள் என்பதே எனக்குத் தெரியாமல் போனது. 2017இல் நாற்பதைத் தொட்டோம். அந்த வருடம் சாப்பிட இடமில்லாமல் பாதிப்பேர் மரத்தடியில் நின்றோம். எங்கள் குழுவில் வியாபாரத்தில் பெரிய புள்ளியான ஒருவர் ராத்தாவின் கணவரை அழைத்து, "காக்கா, நீங்கள் இப்படியே இருந்தால் முன்னேற முடியாது, பக்கத்தில் ஒரு ஹோல் போடுங்கள், நாங்கள் வருடாவருடம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறோம்" என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். புறக்கோட்டைக்காரன் எங்கே போனாலும் அறிவுரை சொல்லாமல் வரமாட்டான். அறிவுரைக்கு ஆகும் செலவு அவனுடையது அல்லவே.

அவர்கள் போட்டார்கள். தகரக் கூரை, சீமெந்துத் தரை, பிளாஸ்டிக் கதிரைகள்.

2018 செப்டம்பர். தொகையைச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. வட்ஸ்அப்பில் "வருபவர்கள் பெருவிரலைக் காட்டவும்" என்று போட்டேன். 60 பெருவிரல்கள். வியாழக்கிழமை ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்து, "60 சோறு" என்றேன். "60தானே தம்பி, சரியாத்தானே சொல்றீங்க?" என்று இரண்டு முறை கேட்டார். "சரி ராத்தா, கூடினாலும் குறையாது" என்றேன். இந்த வசனத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கொழும்பிலிருந்து புறப்பட்டவர்கள் 46 பேர். 14 பெருவிரல்கள் வீட்டிலேயே தூங்கிவிட்டன. ஹபரணையை அடைந்தபோது பதினொரு மணி, வெயில் மண்டையைப் பிளந்தது. பெரிய சைக்கிள் வைத்திருந்த இளைஞர்கள் மின்னேரியாவில் ஜீப் எடுத்து யானை பார்க்கவேண்டும் என்றார்கள். சாப்பாட்டை ஹபரணையிலேயே முடித்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். நான் வற்புறுத்தவில்லை. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இடையில் ஒரு தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. எடுத்திருந்தாலும் அந்த நேரத்தில் சோறு வடித்தாகிவிட்டது.

ராத்தாவின் கடைக்கு 19 பேர் போய்ச் சேர்ந்தோம்.

புதிய ஹோலில் 60 கதிரைகள். பாதி வாடகைக்கு எடுத்தவை. ஒத்தாசைக்கு அயல்வீட்டுப் பெண்கள் இருவர். மூன்று பெரிய சட்டிகள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "மத்தவங்க பின்னால வாறாங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். சாப்பாடு 300 ரூபாய். 19 பேருக்கு 5,700. நாங்கள் 6,000 கொடுத்து, மீதி 300ஐ வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். தாராளமாக நடந்துகொண்டோம் என்ற திருப்தியோடு ஓட்டமாவடிக்குப் போய்ப் படுத்தோம்.

இதில் எனக்கு மிகவும் வெட்கமான பகுதி ஒன்று உண்டு. நான் பாடசாலைப் பைகளும் குடைகளும் மொத்தமாக விற்பவன். அதே வருடம் மே மாதம் தூர ஊர்க் கடைக்காரர் ஒருவர் என்னிடம் 300 குடைக்கு ஓடர் தந்துவிட்டு 90ஐ மட்டும் எடுத்தார். மழை குறைவு என்றார். அவருடைய பெயரைக் கடன் கொப்பியிலிருந்து வெட்டினேன். சந்தித்தவர்களிடமெல்லாம் அவர் நம்பிக்கை கெட்டவர் என்று சொன்னேன். என் 210 குடைகளும் பெட்டியில் இருந்தன, அடுத்த மழைக்கு விற்றுவிட்டேன். ராத்தாவின் 41 சோறும் அடுத்த மழைவரை இருக்குமா? அஸருக்குள் அயல் வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டாராம். இந்த இரண்டையும் ஒரே வருடத்தில் செய்த நான், இரண்டும் ஒன்றுதான் என்பதை அன்று காணவில்லை.

2019இல் ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் வந்த நாட்கள் எப்படி இருந்தன என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவ்வருடம் ஒன்பது பேர்தான் போனோம், அதுவும் பயந்து பயந்து. கடை திறந்திருந்தது. அதைத் திறந்து வைத்திருந்தவர்கள் மணலும் நெல்லும் ஏற்றும் லொறிச் சாரதிகள். பெரும்பாலானோர் வெலிகந்தப் பக்கத்துச் சிங்களச் சகோதரர்கள். முஸ்லிம் கடைகளுக்குப் போகவேண்டாம் என்ற பேச்சு நாடெங்கும் பரவியிருந்த காலத்திலும் அவர்கள் தங்கள் வழமையான மேசையில் வந்து உட்கார்ந்தார்களாம். 2021 ஆகஸ்ட் 20 தொடக்கம் ஒக்டோபர் முதலாம் திகதி வரை நாடு முடக்கப்பட்டிருந்ததால் அவ்வருடச் சவாரி இல்லை. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல். என்னுடைய சைக்கிள் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தாலும் 180 கிலோமீற்றர்தான். ஒருவழிப் பயணத்துக்கே போதாது.

ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாயான அந்த வருடத்தில் கிராமத்துச் சாப்பாட்டுக் கடை என்ன பாடுபட்டிருக்கும்? 2021 ஒக்டோபரின் ஆரம்பத்தில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். ராத்தா விறகுக்குத் திரும்பினார். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியதால் அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் விழுந்தது. அரிசி விலை ஏறியது. விவசாயி கையில் காசில்லை என்றால் அந்தப் பாதையில் யாருக்கும் காசில்லை.

2023 செப்டம்பரில் 14 பேர் போனோம். கடைக்கு இரண்டு கிலோமீற்றர் முன்னால் என் பின் டயர் காற்றுப் போய்விட்டது. மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு நின்றேன். ராத்தாவின் கணவர் யாரிடமோ முச்சக்கர வண்டி வாங்கிக்கொண்டு வந்தார். டயரைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போகும்போது பேச்சோடு பேச்சாக, மூத்த மகளின் கல்யாணம் முடிந்ததைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் உம்மாவின் தோட்டையாவது போட்டனுப்ப முடியவில்லையே என்று ராத்தாவுக்கு மனக்குறை என்றார். தோடு என்னவாயிற்று என்று கேட்டேன். அவர் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்த 60 சோத்துக்குச் சாமான் வாங்க வச்சது தம்பி, மூக்க முடியல்ல" என்றார்.

வட்டிப் பக்கமே போகாத குடும்பம். இறைச்சிக்கும் மீனுக்கும் வாடகைக் கதிரைக்கும் கையில் காசு போதாமல், எங்கள் வார்த்தையை நம்பி, இரண்டு நாளில் மீட்டுவிடலாம் என்று ஒரு சோடித் தோட்டை 10,000 ரூபாய்க்கு அடகு வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை கிடைத்தது 6,000. பிறகு ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு செலவு. கொரோனாக் காலத்தில் தவணை தப்பி நகை போய்விட்டது. 2022இல் ரூபாய் சரிந்தபின் தங்கம் விற்ற விலையில் அதைப்போல இன்னொரு சோடியை அவர்கள் கனவிலும் நினைக்க முடியாது. ஐந்து வருடங்களாக அவர் இதை எங்களிடம் சொல்லவில்லை. வருடாவருடம் சிரித்துக்கொண்டே விரால் மீன் போட்டார்.

கொழும்புக்கு வந்ததும் குழுவில் எழுதினேன். பழைய பட்டியல் அப்படியே தொலைபேசியில் இருந்தது. சாப்பிடாத 41 பேர், 2023இல் சாப்பாடு 750 ரூபாய், மொத்தம் 30,750. அவரவர் தமது ஒரு சோற்றுக்குரிய காசைத் தாருங்கள் என்றேன். வந்த பதில்களை இங்கே எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் எல்லாமே வியாபாரிகளின் பதில்கள்.

ஒருவர், சோற்றின் விலையில் இலாபமும் இருக்கிறது, நட்டத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்றார். நீங்கள் பெயர் அச்சடித்துக் கேட்ட ஆயிரம் பைகளை நான் தைத்து முடித்தபின் வேண்டாம் என்றால் எனக்குத் துணிக்காசு மட்டும் தருவீர்களா என்று கேட்டேன். பேசவில்லை. இன்னொருவர், 2018இல் 300 ரூபாய்தானே, அதையே தருகிறேன் என்றார். கணக்கின்படி அவர் சொன்னது பிழையல்ல. ஆனால் அந்த 300 ரூபாய்க்கு அன்று ஒரு முழுச் சாப்பாடு கிடைத்தது. 2023இல் அரைச் சாப்பாடும் கிடைக்காது. வாங்காத சாப்பாட்டின் விலை சாப்பாட்டின் விலைதான் என்பது என் முடிவு. சிலர் சத்தமில்லாமல் குழுவை விட்டு விலகினார்கள்.

நல்ல மனதோடு மூன்றாமவர் சொன்னதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. "பாவம், ஏழைக் குடும்பம், இதை ஸதகாவாகச் சேர்த்துக் கொடுப்போம், நன்மையும் கிடைக்கும்" என்றார். ஸதகா கொடுப்பவர் ஹபரணையில் புபே சாப்பிடாமல் வேறு யாருக்கோ கொடுப்பவராக இருக்கவேண்டும். நாம் கொடுக்கவேண்டியது கடன். கடனைத் தர்மம் என்ற பெயரில் திருப்பிக் கொடுத்தால், கொடுத்தவனுக்கு நன்மையும் வாங்கியவருக்கு அவமானமும் என்று கணக்கு தலைகீழாகிவிடும். உதவி என்றால் ராத்தா வாங்கவும் மாட்டார். 27 பேர் தந்தார்கள். மிகுதி 14 பேரின் பங்கை முதல் வருடம் போன நாங்கள் ஐந்து பேரும் போட்டோம். பெரும்பங்கு என்னுடையது, 60 என்று சொன்னவன் நான் என்பதால். "2018ஆம் வருடச் சாப்பாட்டுக் காசு" என்று எழுதிய கடித உறையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். தோட்டை அது திருப்பித் தரவில்லை.

எங்கள் குழுவில் ஒரு தம்பி லண்டன் ஏஸ் கஃபேயைப் பற்றி அடிக்கடி சொல்வார். 1938இல் தொடங்கிய அந்தப் பாதையோரக் கடைக்கு லொறிக்காரர்களும் மோட்டார் சைக்கிள் இளைஞர்களும் இரவு பகலாக வந்தார்கள். 1969இல் கடை மூடப்பட்டது. மூடி 25 வருடம் கழித்து 1994இல் பழைய ஆட்கள் ஆயிரக்கணக்கில் அங்கே ஒன்றுகூடினார்கள். அந்த ஒன்றுகூடல் வருடாந்தம் தொடர்ந்தது. 2001இல் கடை முழுமையாக மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே சவாரிக்காரர்கள் கடைகளை வாழவைப்பவர்கள் என்பது அந்தத் தம்பியின் வாதம். அது உண்மையான கதைதான். ஆனால் அவர்கள் ஒருகாலத்தில் ஒவ்வோர் இரவும் அங்கே தேநீர் குடித்தவர்கள். மூடிய கடையை அவர்கள் திறக்கவைத்தார்கள். நாங்கள் திறந்திருந்த கடையை மூடவைக்கப் பார்த்தோம்.

வருடத்தில் ஒருநாள் வரும் பெரிய கூட்டம் சிறிய கடைக்கு வாடிக்கை ஆகாது என்பதே என் நிலைப்பாடு. நாளுக்கு 25 சோறு விற்கும் கடையில் 60 சோறு கேட்பவன், தனக்காக அந்தக் கடை ஏற்கும் ஆபத்தின் பங்கைத் தானும் சுமக்கவேண்டும். முற்பணம் என்பது அந்தப் பங்குதான். "அவர் முற்பணம் கேட்கவில்லையே" என்று சிலர் சொல்கிறார்கள். எப்படிக் கேட்பார்? கேட்டால் கொழும்பு முதலாளிமார் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. ஆகவே கேட்காமலே கொடுப்பது பெரியவன் பக்கத்துக் கடமை. அதேவேளை ராத்தாவின் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு, அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். தொலைபேசி வார்த்தையை நம்பி நகையை அடகு வைப்பது வியாபாரம் அல்ல. இப்பத்தியை வாசிக்கும் சிறு கடைக்காரர்களும் இதைக் கவனிக்கவேண்டும். அரைவாசிக் காசு வராமல் அடுப்பை மூட்டாதீர்கள். அதற்குக் கோபிக்கும் வாடிக்கையாளர், வராமல் விட்டிருந்தாலும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

2024 தொடக்கம் எங்கள் முறை மாறிவிட்டது. பெருவிரல் செல்லாது. சவாரிக்கு இரண்டு வாரம் முன்னர் அரைவாசிக் காசு ராத்தாவின் மகனின் வங்கிக் கணக்குக்குப் போகும். புதன்கிழமை இறுதித் தொகை. அதன்பின் வராதவரும் முழுக்காசு கொடுக்கவேண்டும். 25 பேருக்கு மேல் எடுப்பதில்லை. ஆள் குறைந்தது, சவாரி நன்றாகிவிட்டது. மற்ற மாதங்களில் மட்டக்களப்புப் பக்கம் வியாபார வேலையாகப் போகும் எவரும் அந்தக் கடையில் ஒருவேளையாவது சாப்பிடவேண்டும் என்பதும் பேச்சு. இதைச் சிலர் கடைப்பிடிக்கிறார்கள், சிலர் மறந்துவிடுகிறார்கள். நானே இரண்டு முறை மறந்து வாழைச்சேனைக்குப் போய்விட்டேன்.

எங்கள் அறிவுரையில் எழும்பிய தகர ஹோலைக் கேட்பீர்கள். அறுவடை காலத்தில் சுற்றுவட்டார விவசாயிகள் நெல் மூட்டை அடுக்க அதை வாடகைக்கு எடுக்கிறார்கள். வருடத்தில் எங்கள் சவாரி தரும் இலாபத்தைவிட அந்த வாடகை அதிகம் என்று ராத்தாவின் கணவர் சொன்னார். இந்த யோசனை அவருடையது, புறக்கோட்டையிலிருந்து யாரும் சொல்லவில்லை. நாங்கள் போகும் சனிக்கிழமை மட்டும் மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கி மேசை போடுகிறார். நெல் வாசத்தோடு சாப்பிடுகிறோம்.

இவ்வருடப் பட்டியலில் 24 பேர். முற்பணம் 22 பேருடையது வந்துவிட்டது. மற்ற இருவரும் இப்பத்தியைத் தவறாமல் வாசிப்பவர்கள்.